மஞ்சள் தண்ணீரும் வான்கோழியும்

எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் சமைப்பதில்லை. அப்பா வெளியில் எங்காவது ஒரு முட்டை ரொட்டி சாப்பிட்டால்கூட வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் படியேறுவார். அப்படிப்பட்ட வெள்ளவத்தை வீட்டில் ஒரு முழு வான்கோழி ஒரு கிழமைக்கு மேல் குடியிருந்தது என்றால், அந்தப் புண்ணியம் அப்பாவின் தோற்றுப்போன ஐஸ்கிறீம் கடையைச் சேரும். கடையை மூடியபோது மேசை, கதிரை எல்லாம் விலைப்பட்டன. பெட்டகம் மாதிரியான பெரிய பிரீசரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கள் குசினிக்கு வந்து பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. அம்மா அதில் முருங்கையிலை, ஒடியல் மா, துருவின தேங்காய் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு துண்டை உறையவைத்திருந்தார்.

வான்கோழிக்குச் சொந்தக்காரி கொட்டாஞ்சேனை அக்கா. கலியாணத்துக்கு முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர். வேதக்காரி, வாயாடி, எனக்கு மிகவும் பிடித்தவர். அந்த வருடம் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விருந்துக்கென்று, கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையொன்றில், கல்லாக உறைந்த வான்கோழி ஒன்றை வாங்கிவிட்டார். அவருடைய பிரிட்ஜில் ஐஸ் கட்டித் தட்டுக்கு மேல் ஒன்றும் நுழையாது. அதனால் ஓட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அன்ரி, நத்தார் வரைக்கும்தான். வத்தளையில இருந்து மாமி, அதுதான் இவரோட அம்மா, வாறாங்க. கலியாணம் கட்டின நாள்ல இருந்து நான் சமைச்ச இறைச்சி ஒரு துண்டு அவங்க வாயில வச்சதில்ல. பருப்பும் சோறும் போதும்னு எழும்பிடுவாங்க. இந்த முறை நடு மேசையில முழு வான்கோழி. பார்ப்போமே, அதைத் தாண்டி எப்படிப் பருப்புக்குக் கை போகுதுன்னு."

அம்மாவுக்கு மாமி என்ற சொல்லே போதும். தன் மாமியிடம் பட்டதெல்லாம் முகத்தில் வந்து போனது.

"கொண்டுபோய் வை பிள்ளை. ஆனா அது என்ன எண்டு எனக்குச் சொல்லக்கூடாது."

"அது வான்—"

"சொல்லாதை எண்டெல்லோ சொன்னனான்."

வான்கோழி பொலித்தீனுக்குள் போய், பேப்பருக்குள் போய், கடைசியில் பழைய தலையணை உறைக்குள் போனது. அம்மா பிரீசரைத் திறக்கும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்க்காமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையால் தடவித் தேங்காயை எடுப்பார். ஒருநாள் தேங்காய் என்று நினைத்து அதன் காலைப் பிடித்துவிட்டுத் திரும்பக் குளித்தார்.

நான் அப்போது உயர்தரத்தில் விலங்கியல் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்தேன். தவளையை அறுத்திருக்கிறேன், கரப்பானை அறுத்திருக்கிறேன். ஆகவே உலகத்தில் உள்ள சதை எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதை யாரும் கேட்காததுதான் குறை.

நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி, பின்னேரம், அக்கா வேலை முடிந்து கந்தோரிலிருந்து நேரே வந்தார். நான் ரியூஷன் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்திருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து பிரீசர் மூடியைத் தூக்கினோம். உள்ளே பளபளவென்றிருந்தது. மஞ்சள் வாசம் அடித்தது. முருங்கையிலை ஒரு பக்கம், ஒடியல் மா ஒரு பக்கம். வான்கோழி இல்லை.

அக்கா குனிந்தபடியே நின்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த நாள் திருவெம்பாவை தொடங்குகிறது. விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் அம்மா குசினியைத் தலைகீழாக்குவார். சட்டி பானை முதல் கரண்டி வரை வெளியே வரும், எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர். இந்த முறை பிரீசருக்கும் ஸ்நானம் நடந்திருக்கிறது. நிற்பாட்டி, ஐஸைச் சுரண்டி, கழுவித் துடைத்து, சைவச் சாமான்களை மட்டும் திரும்பக் குடியேற்றியிருக்கிறார்.

"அம்மா, அந்தச் சாமான் எங்கை?"

சாமி அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பெல்கனியில வாளிக்குள்ள."

"எப்ப வச்சனீங்கள்?"

"நான் அதைப் பார்க்கேல்லை."

பெல்கனிக்கு ஓடினோம். வாளியின் மேல் ஈரச் சாக்கு போட்டிருந்தது. சுற்றிவரத் தரையெல்லாம் தண்ணீர். நான் சாக்கைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், தீர்ப்பையும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, முடிஞ்சுது. ஐஸ் எல்லாம் உருகிப் போச்சு. வெக்கைக்குள்ள கிடந்த இறைச்சியில கிருமி பெருகும். எறிய வேண்டியதுதான்."

அக்கா ஈரத் தரையிலேயே குந்தினார். "தங்கச்சி, நீ படிச்ச பிள்ளை. கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தொட்டுப் பார்க்காமலே சாகடித்துவிட்டேன். சாக்கைத் தூக்கினேன். மேலே சுரண்டின ஐஸ் கரையத் தொடங்கியிருந்தது. ஆனாலும் பாதி வாளிக்கு வெள்ளையாகக் கிடந்தது. அதற்குள் கழுத்தளவு புதைந்திருந்தது தலையணை உறை.

அக்கா உறையைப் பிரித்து மூக்கை வைத்தார். "மணம் ஒண்ணும் இல்லையே. நல்லாத்தானே இருக்கு?"

"மணத்தை நம்பேலாது. கெட்ட கிருமியெல்லாம் மணந்துகொண்டு வராது. குளிர்தான் சாட்சி."

இது நான் சரியாகச் சொன்ன முதல் வசனம். அதனால் வந்த உற்சாகத்தில் ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கிற தர்மாமீட்டரை எடுத்துவந்து வான்கோழியின் செட்டைக்குக் கீழே செருகினேன். கொஞ்சம் பொறுத்து எடுத்துப் பார்த்தேன். பாதரசம் அசையவே இல்லை.

"என்ன சொல்லுது?" அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"காய்ச்சல் இல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத்தான் வரவில்லை. மனிதச் சூட்டுக்குக் கீழே அந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா உள்ளே இருந்தபடியே, "அந்தத் தர்மாமீட்டரை இனி வீட்டுக்குள்ள கொண்டுவரப்படாது," என்றார். பார்க்கவில்லை என்றவருக்கு அது மட்டும் எப்படித் தெரிந்ததோ.

மிஞ்சியது கைதான். தவளைக்குப் பயப்படாதவள் என்று என்னையே தேற்றிக்கொண்டு, பின்பக்கப் பொந்துக்குள் கையை விட்டேன். மற்றக் கைக்கு நெஞ்சின் மேல்தோல் மெத்தென்று அழுந்தியது, ஆனால் விரல் விறைத்தது. உள்ளே போகப் போகக் கல். ஈரலும் கழுத்தும் போட்ட சிறு பொதியொன்று உள்ளே இருந்தது. இழுத்தேன். வரவில்லை. முழங்காலை வாளியில் ஊன்றி இழுத்தேன். பிடித்தபடியே இருந்தது.

"அக்கா, உள்ளுக்கு இன்னும் ஐஸ். மேலால மட்டும்தான் இளகியிருக்கு. அதுவும் பிரிட்ஜுக்குள்ள இருந்த மாதிரிக் குளிர்."

"நிச்சயமா?"

நிச்சயம் என்று சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். ஐஸ் போடுவதற்கு முன்பு அது எவ்வளவு நேரம் சும்மா வெய்யிலில் கிடந்தது? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஆள். அறை வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, நீங்கள் பார்க்கேல்லை. சரி. ஆனா ஐஸை எப்ப போட்டனீங்கள்?"

அம்மா திரியைத் திரித்தபடியே இருந்தார். "வெளியில வச்ச உடனை. பின்னை அதைப் பார்த்துக்கொண்டே நான் வீடு கழுவுறதே? சுரண்டின ஐஸ் முழுக்க அதுக்கு மேல கொட்டி மூடினனான். அப்பவும் கால் ஒண்டு எட்டிப் பார்த்தது. பக்கத்துக் கடையில ஐஸ் வாங்கி அதையும் மூடினனான். கரையக் கரையப் போட்டுக்கொண்டுதான் இருந்தனான். எனக்கு அது தெரியக்கூடாது, அவ்வளவுதான்."

அம்மாவின் அருவருப்பு அன்று முழுவதும் ஒரு நல்ல பிரிட்ஜ் செய்கிற வேலையைச் செய்திருக்கிறது. அக்கா உள்ளே போய்க் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். "தொட்டிடாதை பிள்ளை. நான் திரும்பக் குளிக்கேலாது."

வாளியோடு ஓட்டோவில் ஏற்றும்போது அக்கா என்னைப் பார்த்தார். "எல்லாம் சரி. ஆனா என் மாமிக்கு வயித்தால போனா, நான் சாகும் மட்டும் அந்தக் கதை ஓடும். நீ நல்லதுன்னு சொல்ற. அப்ப நத்தாருக்கு வா. எல்லாருக்கும் முன்னால முதல் துண்டு உனக்கு."

"நான் சைவம் அக்கா."

"நீ கையை விட்ட இடத்துக்கு இனி என்ன சைவம்?"

வீட்டுக்குப் போனதும் பிரிட்ஜின் நடுத் தட்டைக் கழற்றிவிட்டு அதை உள்ளே வைக்கவேண்டும், வெளியில் இளகவிடக்கூடாது, தொடைக்குள் கத்தியை விட்டால் சிவப்புத் தண்ணீர் வரக்கூடாது என்று ஓட்டோ திரும்பும் வரை கத்திக்கொண்டே இருந்தேன். ஓட்டோக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நத்தார் அன்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அம்மாவிடம் பூசை முடிந்து வாழ்த்துச் சொல்லப் போவதாகச் சொன்னேன். "ஓம், போ. எனக்கு ஒண்டும் சொல்லாதை," என்றார்.

வத்தளை மாமி மெலிந்த, அமைதியான மனுஷி. நான் ஒரு ராட்சசியை எதிர்பார்த்திருந்தேன். நடு மேசையில் வான்கோழி தேன் நிறத்தில் பளபளத்தது. மாமி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். "இது ஐஸ்ல கிடந்ததுதானே?" பருப்புக் கிண்ணம் அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அக்கா ஒரு துண்டை வெட்டி என் தட்டில் வைத்தார். எல்லாரும் பார்த்தார்கள். எடுத்து வாயில் வைத்து மென்றேன். அப்போதுதான் என் படிப்பில் உள்ள பெரிய ஓட்டை தெரிந்தது. இது நல்ல ருசியா, கெட்டுப்போன ருசியா என்று ஒப்பிட எனக்கு வேறு ஒரு இறைச்சியும் தெரியாது.

"எப்படி மகள்?" மாமி கேட்டார்.

"நல்லாயிருக்கு," என்றேன், விலங்கியல்மேல் பாரத்தைப் போட்டு. விழுங்கினேன். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில், இரண்டாவது துண்டையும் எடுத்தேன்.

மாமி என் தொண்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பருப்பை விட்டுவிட்டு ஒரு துண்டை எடுத்தார். மென்றார். இன்னும் மென்றார்.

"உப்புக் கொஞ்சம் காணாது," என்றார், மற்றத் துண்டுக்குக் கையை நீட்டியபடி.

அக்கா உப்பெடுக்கக் குசினிக்குப் போனார். நேரமாகியும் வரவில்லை. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். உப்புப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.