பரா வெளிச்சம் கண்ட கண்

எங்கள் ஆஸ்பத்திரியின் கண் ஒப்பரேஷன் தியேட்டருக்கு ஊதா லைட் மெஷின் வந்தபோது அதில் முதலில் படுத்தவர் பாக்கியம் அக்கா. சண்டை முடிந்து சனம் வயல்களுக்குத் திரும்பிய காலம். நான் தியேட்டர் நர்ஸ்.

வவுணதீவு வயல் வட்டையில் சூடடிக்கும்போது நெற்சுணை அவர் கண்ணில் அடித்திருக்கிறது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டிருக்கிறார். குளிர்ச்சியாக இருந்ததாம், அதனால் ஆஸ்பத்திரிக்கு வரப் பிந்திவிட்டது. அதற்குள் பங்கஸ் கிருமி பிடித்துக் கருவிழி வெளுத்துவிட்டது. மற்றக் கண் ஷெல்லில் போனது. இருந்தது இந்த ஒன்றுதான்.

"மருந்துக்கு மட்டும் கேக்குதில்ல. லைட்டும் குடுத்துப் பாப்பம்" என்றார் டொக்டர்.

மஞ்சள் சொட்டுமருந்தில் கருவிழியை ஊறவைத்து, மேலிருந்து ஊதாக்கதிரைப் பாய்ச்சினால் கிருமி சாகும். இமையைக் கிளிப் போட்டுத் திறந்து வைப்போம். நோயாளிக்கு ஒரே வேலை, அசையாமல் லைட்டைப் பார்ப்பது.

லைட்டைப் போட்டதும் பாக்கியம் அக்கா புரண்டு குப்புறப் படுத்தார். கிளிப் தெறித்து விழுந்தது. திரும்பப் படுக்கவைத்துப் போட்டோம். திரும்பவும் அதேதான்.

"அம்மா, ஆடினா உள்ள கண்ணும் போயிரும்!" டொக்டர் கத்தினார். எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் குனிந்து கேட்டேன்.

"என்னக்கா, நோகுதா?"

"நோகல்ல புள்ள. ராவில மேல பராசூட்டுல தொங்குற பரா லைட் எரிஞ்சா, மறுகா ஷெல் வரும். நிலத்தோட படுக்கோணும். என்ட மகன் படுக்கல்ல. அண்ணாந்து பாத்துக்கிட்டு நிண்டவன்."

டொக்டர் கிளிப்பைத் திரும்பவும் மெதுவாகப் போட்டார். நான் அக்காவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஷெல் வராதுக்கா, நான் கிட்டத்தான் நிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மஞ்சள் மருந்தும் கண்ணீரும் சேர்ந்து காதுக்குள் வழிந்தன. மகனின் பெயரை முணுமுணுத்தபடி, முடியும்வரை அசையாமல் கிடந்தார்.

பங்கஸ் செத்தது. கண் உடையாமல் தப்பியது. ஆனால் கருவிழி நடுவில் தடித்த வெள்ளைத் தழும்பு. கருவிழி மாற்றுவதற்குப் பெயர் பதிந்து அனுப்பினோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு மெஷினைப் பற்றி யாராவது சொல்லித்தருவார்கள். நான் சொல்வது இதுதான்: லைட்டைப் போடுமுன், அந்தக் கண் இதற்கு முன் எந்த வெளிச்சத்தைப் பார்த்தது என்று கேளுங்கள்.

அக்கா அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது, கண்ணுக்கு நேரே டோர்ச் அடித்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். பாக்கியம் அக்கா முகத்தைத் திருப்பவில்லை.

"வெளிச்சம் மட்டுந்தான் புள்ள. மகனப் போல அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன்."