விளங்காத மாதிரி

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் லவ் லேனுக்குப் பக்கத்துச் சந்தில், பழைய கடைவீடு ஒன்றை மாற்றிக் கட்டிய தங்கும் விடுதியில் நான் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். முதுகுப்பை சுமந்து நாடு நாடாகச் சுற்றுகிறவர்கள் வந்து தங்கும் இடம். அவர்களுடைய கடவுச்சீட்டை வாங்கிப் பதிவது, துண்டு கொடுப்பது, மழை எப்போது நிற்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் என் வேலை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் ஏதாவது ஒரு அலைச்சறுக்குக் கடற்கரையின் பெயரைச் சொல்வார்கள். தோல் உரிந்த மூக்கும் உப்பில் வெளுத்த முடியுமாக, உலகத்தில் அவசரமே இல்லாதவர்கள் போல உட்கார்ந்து பேசுவார்கள். நான்கு வருடம் கேட்டேன். ஒரு தடவையாவது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

விடுப்பு எடுத்து மூன்று வாரம் இலங்கை போகிறேன் என்றபோது அம்மா சிரித்தார்.

"எதுக்கு லா அவ்ளோ தூரம்? இங்க பத்து ஃபெரிங்கியில கடல் இல்லையா?"

"அங்க அலை இல்லம்மா."

"அலை இல்லாட்டி நல்லதுதானே" என்றவர், பையில் தைல பாட்டிலையும் முறுக்குப் பொட்டலத்தையும் திணித்துவிட்டார். அம்மா கடலுக்கு அக்கரையில், நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகுதான் தீவுக்கு வந்தார். இப்போது ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறார். அவருக்கு வாய் நிறையப் பேச வருவது தமிழ் ஒன்றுதான்.

இலங்கையின் தென்கரையில் வெலிகம என்ற ஊரில் இறங்கினேன். விடுதிக்குள் நுழைந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது எதிரே வந்த வெள்ளைக்காரர் ஈரத் துண்டை என் கையில் வைத்து, வேறு துண்டு கிடைக்குமா என்று மரியாதையாகவே கேட்டார். என் முதுகில் பை இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. துண்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, நானும் உங்களைப் போல வந்தவள்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் கீழே போய் அவருக்கு ஒரு துண்டு வாங்கி வந்து கொடுத்தேன். பழக்கதோஷம். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது. இந்த ஊர்க்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று ஆங்கிலத்தைச் சத்தமாகவும் இழுத்தும் பேசினேன். ஆட்டோக்காரர் ஒருவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "தமிழோ?" என்று கேட்டபோது, "நோ, மலேசியன்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டச்சுப் பெண், உனக்கு அந்த மொழி வராதா என்று ஆச்சரியப்பட்டாள். என் அறையில் அடுத்த கட்டிலில் தங்கியிருந்தவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். "அப்பா அம்மா பேசுவார்கள். நான் கற்றுக்கொள்ளவே இல்லை" என்றேன். வாய் கூசவில்லை.

அவளும் நானும் சேர்ந்தே பயணம் செய்தோம். ஊர் ஊராகப் பேருந்தில் போய்க் கடைசியில் கிழக்குக் கரையில் அறுகம்பைக்கு வந்தோம். அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ்தான் பேச்சு. ஊருக்குள் நுழைந்ததுமே உண்மையைச் சொல்லிவிட்டிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். சொல்லவில்லை.

அலைச்சறுக்குப் பலகைகளோடு, கூட்டமில்லாத இடம் தேடி நாங்கள் தினமும் ஆட்டோவில் தெற்கே போவோம். அங்கே ஒரு களப்பு இருந்தது. கடலோரத்தில் தேங்கி நிற்கும் உப்பேரியைத்தான் அங்கே களப்பு என்கிறார்கள். களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. அதன் ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு அம்மாள் ரொட்டியும் தேநீரும் இளநீரும் விற்றார். ஐம்பது வயதிருக்கும். அவர் கணவர் மீன் பிடிக்கிறவர்.

முதல் நாளே கேட்டார்: "தமிழ்தானே புள்ள?"

நான் உதட்டைப் பிதுக்கி, "சாரி, இங்கிலிஷ்" என்றேன்.

அவர் கணவரிடம் திரும்பி, "பாவம். தாய் தகப்பன் பாஷை சொல்லிக் குடுக்காம வளத்துட்டாங்க" என்றார். எனக்கு ரொட்டியோடு கூடுதலாகக் கொஞ்சம் தேங்காய்ச் சம்பல் வைத்தார்.

அந்தப் பரிதாபம் அதோடு நிற்கவில்லை. மறுநாள் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "தண்ணி. சொல்லு புள்ள, தண்ணி" என்றார். டச்சுப் பெண் உற்சாகமாக, "தண்ணி!" என்றாள். ஏறக்குறையச் சரியாகவே சொன்னாள். என் முறை வந்தது. நான் வேண்டுமென்றே நாக்கைப் புரட்டி, "டேனி" என்றேன். அவர் கை தட்டிச் சிரித்தார். மறுபடி சொல்ல வைத்தார். ஐந்து நாளில் ரொட்டி, சீனி, கடல், நன்றி என்று எல்லாவற்றையும் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் கொச்சையாக்கித் திருப்பிச் சொன்னேன். அந்த அம்மாளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் வெயில் அடித்ததும் போனோம். எங்களைக் கண்டதும் அம்மாள் கொட்டகையிலிருந்து வெளியே ஓடி வந்தார்.

"இண்டைக்கு இறங்க வேணாம் புள்ள. ராவு மணல வெட்டி வாய்க்கால் திறந்துட்டாங்க. களப்புத் தண்ணி முழுக்கக் கடலுக்குப் போகுது. காலை வச்சா இழுத்துட்டுப் போயிரும். விளங்குதா?"

கையை நீட்டி நீட்டிக் காட்டினார். நான் பார்த்தேன். மணல் திட்டில் புதிதாக ஒரு வாய்க்கால் இருந்தது. கடல் ஒன்றும் பயங்கரமாக இல்லை. சொல்லப்போனால் அந்த இடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தது.

"என்ன சொல்கிறார்?" என்றாள் டச்சுப் பெண்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. வாயைத் திறந்தால் பன்னிரண்டு நாள் பொய் வெளியே வரும். அந்த அம்மாள் முன்னால் நான் சொன்ன 'டேனி' வெளியே வரும். அதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"தெரியவில்லை. இளநீர் வாங்கச் சொல்கிறார் போல" என்றேன்.

அவள் அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டு, "நன்றி, நன்றி" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போய், இன்றைக்கு வேண்டாமே, வேறு இடம் போகலாமே என்றேன். ஏன் என்று கேட்டாள். தலை வலிக்கிறது என்றேன். "அப்படியானால் நீ கரையில் உட்கார். நான் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்றாள். நான் உட்கார்ந்தேன்.

இடுப்பளவு தண்ணீருக்குள் போகும்வரை ஒன்றுமில்லை. பலகையில் படுத்துத் துடுப்புப் போல இரண்டு கையையும் போட்டாள். கரையைப் பார்த்துத் திரும்பியவள் கரைக்கு வரவே இல்லை. கை போட்டுக்கொண்டே பின்னால் போனாள். முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு அலை அவளைப் பலகையோடு கவிழ்த்தது. பலகை மட்டும் மேலே வந்தது.

நான் கத்தினேன். "அம்மா! ஐயோ, யாராச்சும் வாங்க! பொண்ணு போவுது! இழுத்துக்கிட்டுப் போவுது, வாங்களேன்!"

பைராம் தோட்டத்தில் எந்த வீட்டில் தீப்பிடித்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பார்கள். என் அம்மாவின் குரலேதான்.

அந்த அம்மாளின் கணவரும் வேறு இரண்டு பேரும் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் காலில் கட்டியிருந்த கயிறு பலகையோடு சேர்ந்திருந்ததால்தான் பிழைத்தாள். அதைப் பிடித்து இழுத்துத்தான் படகில் ஏற்றினார்கள். கரையில் கிடத்தியபோது வாயிலிருந்து தண்ணீராக வந்தது. வலது தோள் மூட்டு இறங்கித் தொங்கியது. அவள் அலறினாள்.

அம்மாள் தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு விளங்கினதுதானே புள்ள?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன்.

ஆஸ்பத்திரியில் தாதி தமிழில் கேட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். எப்படி விழுந்தார், மயங்கினாரா, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா? கட்டிலில் படுத்திருந்த அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைக் கட்டி முடித்து, தாதி போன பிறகு கேட்டாள்:

"காலையில் அவர் என்ன சொன்னார்?"

அப்போதும் ஒரு கணம் வேறு ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ போ" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலை அவள் விடுதிப் பெண் ஒருத்தியின் துணையோடு காரில் கொழும்புக்குப் போய்விட்டாள். நான் களப்புப் பக்கம் போய் அந்த அம்மாளைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பையைக் கட்டினேன். பையைக் கட்டியவள் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன்.

பினாங்குக்குத் திரும்பி இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. விடுதி மேசையில் யாராவது அந்தக் கடற்கரைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கணினித் திரையைப் பார்த்துக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் முடியாது என்றானபோது, அறுகம்பையில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் போன் செய்து கெஞ்சினேன். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் மாலையில் அந்தக் கொட்டகைக்குப் போய்த் தன் போனை அம்மாளிடம் கொடுத்தார்.

நான் யாரென்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "அந்த வெள்ளப் புள்ளைக்குக் கை சுகமா?" என்றுதான்.

"தெரியலம்மா. பேசறதில்ல" என்றேன். பிறகு, "உங்கள ஏமாத்திட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

"எனக்கு என்ன புள்ள? நான் சொல்லிக் குடுத்தது வீணாப் போச்சு, அவ்வளவுதான். நீ அவக்கிட்டக் கேளு."

அன்றே டச்சுப் பெண்ணுக்கு எழுதினேன். காரணம் எதுவும் சொல்லாமல் செய்ததை மட்டும் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தோள் சரியாகிவிட்டது, ஆனால் கையை முழுக்க மேலே தூக்க முடியவில்லை, எழுதியதற்கு நன்றி, இனி எழுத வேண்டாம்.

அந்தப் போன் பேச்சை அம்மா அடுப்படியில் இருந்து கேட்டிருந்தார். நான் போனை வைத்ததுமே, யாரம்மா அது, எதுக்கு மன்னிப்புக் கேட்ட என்று வந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பிழைத்ததற்குச் சாமியைக் கும்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தமிழ் தெரியாதுன்னு சொன்னியா?"

"ஆமாம்மா."

"அவ்ளோ வெக்கமா இருந்துச்சா உனக்கு? நான் பேசறது?"

உங்களைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொல்ல வந்தேன். அது இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கதவருகில் நின்று, சாப்பாடு மேசையில் இருக்கிறது என்று மலாயில் சொன்னார். "நாசி அடா அத்தாஸ் மேஜா." கிண்டலாக இல்லை, கடைக்காரரிடம் பேசுவது போல. சாயங்காலமும் மலாய்தான். எங்கள் வீட்டில் நாங்கள் மலாயில் பேசிக்கொண்டதே கிடையாது. தனக்குச் சரியாக வராத அந்த மொழியில், தடுமாறித் தடுமாறி, இரண்டு நாள் என்னோடு பேசினார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் காதில் விழாதது போலப் போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் படுத்திருந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. "ஏய், மாடியில துணி கெடக்கு, ஓடு" என்று அம்மா தமிழிலேயே கத்தினார். நான் ஓடினேன். துணியை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டேன். இருவரும் எதிரெதிரே நின்று மடித்தோம். அந்தப் பேச்சை அம்மா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.