வெளியே போட்ட தாழ்ப்பாள்

சுடலைமுத்து அண்ணாச்சி காலமான செய்தி துண்டுச் சீட்டில் வந்தது. அப்போது நான் பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். அடுத்த கேள்வி மறந்தேபோயிற்று.

அவர் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தில் எதிர்த்தரப்பில் அதிகம் நின்றவன் நான். அவருடைய கோபத்தையும் சிரிப்பையும் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது மீன் லாரி வழக்கு.

அகதி முகாமிலிருந்த ஒன்பது பேரை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக ஆசைகாட்டி, மீன் ஏற்றும் லாரிப் பெட்டிக்குள் அடைத்து, திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரைக்குக் கொண்டுபோனான் என் கட்சிக்காரன். வழியில் ஒரு கர்ப்பிணி மூச்சுமுட்டி இறந்தாள். குற்றம் நிரூபணமாகிவிட்டது. எவ்வளவு தண்டனை என்பதுதான் மிச்சம்.

தண்டனை பற்றிய அந்த விசாரணைக்கு முந்தின நாள், அனுமதி வாங்கி இருவரும் லாரியைப் பார்க்கப் போனோம். அண்ணாச்சி பெட்டிக்குள் ஏறினார்.

"நீரும் வாரும்வே."

"இல்ல அண்ணாச்சி, நான் இங்கனயே நிக்கேன்."

காவலரிடம், "வெளிய தாழ்ப்பாளப் போடும். நான் தட்டுனா தொறந்தாப் போதும்" என்றார். வெயிலில் நின்றேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து தட்டும் சத்தம். இறங்கி வந்தவர் அந்தத் தாழ்ப்பாளைத் தானே ஒருமுறை போட்டுத் திறந்து பார்த்தார்.

மறுநாள் நான் முதல் குற்றம் என்றேன், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். அவர் தண்டனையைக் கூட்டும் காரணங்களைக் குரல் உயர்த்தாமல் அடுக்கினார். போக்கிடமில்லாதவர்களை ஏமாற்றியது. கர்ப்பிணி என்று தெரிந்தே ஏற்றியது. காற்றில்லாத பெட்டியை வெளியே பூட்டியது. கடைசியாக, "உள்ளே தட்டினார்கள். இவனுக்குக் கேட்டது. லாரியில் பாட்டைச் சத்தமாக வைத்தான்" என்றார். நீதிபதி அதிகபட்சத் தண்டனையே கொடுத்தார்.

வெளியே வந்ததும் கைகொடுக்கப் போனேன். அவர் கை நீட்டவில்லை.

"நான் தட்டுனேன், தொறந்தாவ. அவ தட்டிக்கிட்டேல்லாவே கெடந்திருக்கா."

அதன்பின் அவர் மின்தூக்கியில் ஏறி யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது திடீரென்று கேட்டார்: "அன்னைக்கு ஏம்வே உள்ள வரல?"

"பயம் அண்ணாச்சி."

"எனக்கும் பயந்தாம்வே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பயத்தோடு ஏறினார். நான் பயந்து கீழே நின்றேன். அந்தச் சொல்லும், வெயிலில் நின்று கேட்ட அந்தத் தட்டலும் மட்டுமே அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை. இப்போதெல்லாம் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், யாரென்று கேட்பதற்குள் திறந்துவிடுகிறேன்.