விரல் கேட்ட சத்தம்

இருபது வருடம் சோமனூரில் விசைத்தறி ஓட்டிய மயிலாத்தாள், தொண்ணூற்றெட்டில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுத்தாள். பிராசசர் மேலிருந்த ஃபேன் போட்ட இரைச்சல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஊட்டுக்குள்ளயும் இன்னொரு தறியா?” என்று அதைக் கழற்றிக்கொண்டு கோவை காந்திபுரத்துக்கு பஸ் ஏறினாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் நாலு ஃபேன்களை எடுத்து வைத்து, விலை கூடியதைக் காட்டினார். “இதுல சத்தமே வராதுங்க அக்கா.”

“நாலையும் ஓட்டிக் காட்டுங்க.”

“இந்த பஸ் சத்தத்துல எப்படிங்க கேக்கும்?”

தறிக்கூடத்து இரைச்சலில் பேரிங் தேய்ந்துபோனதைக் காதா கண்டுபிடிக்கும்? அவர் ஓட்டிக் காட்டிய ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரலை வைத்துப் பார்த்தாள். இருப்பதிலேயே மலிவானது மட்டும் அதிரவில்லை.

“இதைக் குடுங்க.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த விலை கூடியதன் மேல் தானும் விரலை வைத்துப் பார்த்தார். அது அதிர்ந்தது. மலிவானதுக்கே பில் போட்டார்.