என் வீட்டுக்காரர் துருக்கி மொழி படித்த கதை

நாற்பத்தேழு வயதில் ஒரு மனுஷனுக்கு சர்க்கரை வரலாம், மூட்டுவலி வரலாம். என் வீட்டுக்காரருக்கு உலக மொழிகளும் பண்பாடுகளும் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் பட்டப்படிப்பு, வேலைக்குப் போகிறவர்களுக்காக சாயங்கால வகுப்பு. விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் என்ன சொல்வேனோ என்று திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு ரயில் நிலையத்தில் வேலை. மூன்றாவது நடைமேடைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜன்னல் இருக்கிறது. தொலைந்த பொருட்கள் அலுவலகம். ரயிலில் விட்டுவிட்டுப் போன குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, பல்செட், கல்யாண ஆல்பம் எல்லாம் அங்கே அட்டை கட்டி அலமாரியில் அடுக்கியிருக்கும். தொலைத்தவர்கள் ஜன்னலுக்கு வந்து கேட்பார்கள். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. உள்ளே இருப்பவர் பொருளைப் பற்றி ஒரு வார்த்தைகூட முதலில் சொல்லிவிடக் கூடாது. "கறுப்புப் பையா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் வந்தவர் வாயிலிருந்தே எல்லாம் வர வேண்டும். என்ன பை, அப்புறம்? உள்ளே என்ன, அப்புறம்? இப்படியே இருபது வருடம் கேட்டதில் ஸ்டேஷனில் அவருக்குப் பெயரே அப்புறம் சார் என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் ஒரு வெளிநாட்டு அம்மா அழுதுகொண்டே வந்திருக்கிறாள். அவள் பேசியது இவருக்குப் புரியவில்லை, இவர் பேசியது அவளுக்குப் புரியவில்லை. ஒரு தாளில் படம் வரைந்து காட்டினாள். மடிப்பு மடிப்பாக ஏதோ ஒன்று. மெத்தை என்று நினைத்து, இல்லை என்று கையை விரித்துவிட்டார். அவள் போய் இரண்டு நாள் கழித்து மேல் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே மடிப்பு மடிப்பாகத் துருத்தி வைத்த வாத்தியம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அவங்க என்ன மொழி பேசினாங்கன்னுகூட எனக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம்தான் அந்த விண்ணப்பம் வந்தது. நான் என்ன சொல்ல? "போங்க, படிங்க" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறிப்போனது. மனிதர் ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரு புதிர் கொண்டுவருவார். நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களாம், அவர்கள் கடையில் துணி எப்படிக் கேட்பார்கள்? போனில் பேசி முடிக்கும்போது உலகத்தில் யார் யார் எப்படி வைக்கிறார்கள்? சாவு வீட்டில் சிரிக்கலாமா, எந்த ஊரில்? எனக்கு மண்டை காய்ந்தது, ஆனால் பிடித்தும் இருந்தது. மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் இதையெல்லாம் நான் எடுத்துவிடுவேன். ரத்தம் எடுப்பது என் வேலை. ஊசி உள்ளே போகும்போது ஆளுக்குக் கவனம் வேறெங்காவது இருக்க வேண்டும், அதற்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச்சுக்கு என்னிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

இரண்டாம் வருடம் ஆளுக்கொரு மொழி எடுக்க வேண்டும். இவர் துருக்கி மொழி எடுத்தார். ஏன் என்றால், ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தாயா, யாரோ சொல்லிக் கேட்டாயா என்பது அந்த மொழியில் வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடுமாம். "எங்க ஆபீஸுக்குன்னே செஞ்ச மொழி" என்றார். "அப்ப, காதுல கேட்டதையெல்லாம் கண்ணால பார்த்த மாதிரி சொல்ற என் தங்கச்சியால அந்த மொழியில வாயே தொறக்க முடியாது" என்றேன். அந்த ஊரில் வேலை செய்துகொண்டிருக்கும் யாரைப் பார்த்தாலும், வேலை சுலபமாக நடக்கட்டும் என்று வாழ்த்துவார்களாம். அதை எங்கள் வீட்டுக்குக் குழாய் பார்க்க வந்தவரிடம் தமிழில் சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் கையிலிருந்த ஸ்பேனரை இறக்கிவிட்டு, "ஏன் சார், அவ்வளவு பெரிய லீக்கா?" என்று கேட்டார்.

மூன்றாம் வருடக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. துருக்கிக்காரர் ஒருவரோடு இருபது நிமிடம் தனியாகப் பேச வேண்டும், எல்லாம் பதிவாகும். அதில் தேறினால்தான் பட்டம். இரண்டு தடவைதான் எழுதலாம், அதாவது பேசலாம். அதற்கு மேல் கிடையாது.

தேர்வு முடிந்து வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "என்கூடப் பேச வந்த துருக்கி அம்மாவோட அப்பா பேக்கரி வச்சிருந்தாராம். அடுப்புக்குப் பக்கத்துல ஒரு நீல ஸ்டூல் இருக்குமாம், இவங்க அதுல உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாங்களாம். கடையை வித்தப்ப ஸ்டூலும் போயிடுச்சாம். சொல்லிட்டு அழுதுட்டாங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வேற்று மொழிக்காரியை அவள் மொழியிலேயே பேசி அழவைத்துவிட்டாரே!

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. தேர்ச்சி இல்லை. கீழே ஒரு வரி: மாணவர் பேசிய நேரம், மூன்று நிமிடம் நாற்பது விநாடி. துறைத் தலைவர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். "உங்க கேள்வியெல்லாம் பிரமாதம் சார். ஆனா பரீட்சை உங்களுக்கு. அந்தம்மாவுக்கு இல்ல." ஆறு வாரத்தில் மறுதேர்வு. இந்த முறை தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். தன்னைப் பற்றி.

"இது ஒரு விஷயமா? நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. முதல்ல தமிழ்ல பழகுவோம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

"சின்ன வயசுல வீட்டுல என்ன விளையாடுவீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல. நீ?"

நான் ஆரம்பித்தேன். மொட்டை மாடியில் சைக்கிள் ஓட்டியது, விழுந்தது, தையல் போட்டது, தையல் போட்ட கம்பவுண்டரைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வேலைமேல் ஆசை வந்தது. அவர் அப்புறம், அப்புறம் என்று கேட்க, அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அரை மணி நேரம் நானே பேசியிருக்கிறேன்.

அடுப்பைத் துடைத்துக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். இவரோடு இருபத்திரண்டு வருடம். சட்டை அளவு தெரியும், ரத்த வகை தெரியும், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த இவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மாமனார் மாமியார் இருவரையும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். என் புருஷன் மாதிரி காது கொடுத்துக் கேட்கிறவர் உண்டா என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, அவர்மேலா என்மேலா என்று தெரியவில்லை.

தமிழில் நடக்காது என்று முடிவாகிவிட்டது. அதனால் வேறு வழி செய்தேன். அவர் துருக்கி மொழியில் பேச வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். எனக்குத்தான் ஒரு சொல்லும் தெரியாதே, என்னிடம் என்ன கேள்வி கேட்பார்? நேரம் பார்க்க என் செல்போனில் பதிவு செய்துகொள்வோம். முதல் நாள் ஒன்றரை நிமிடம். வியர்த்துப்போய், "போதும்" என்றார். அடுத்த வாரம் நாலு நிமிடம். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த கஷ்டத்துக்கு எனக்கே ஒரு பட்டம் தரலாம். ஐந்தாவது வாரம் ஒரு சனிக்கிழமை, நிறுத்தாமல் பதினேழு நிமிடம் பேசினார். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினார்.

முடித்ததும், "என்னங்க சொன்னீங்க?" என்றேன்.

"சும்மா, வீட்டைப் பத்தி."

"அதுக்கு ஏன் அழுதீங்க?"

"அழல. தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு."

மறுதேர்வில் பதினான்கு நிமிடம் பேசித் தேறிவிட்டார். பட்டம் வாங்கிய படம் கூடத்தில் மாட்டியாயிற்று. என் மண்டையைக் குடைந்ததெல்லாம் செல்போனில் இருந்த அந்தப் பதினேழு நிமிடம்தான். எங்கள் மகள், "அம்மா, போன்ல போட்டா அதுவே மொழிபெயர்த்துச் சொல்லிடும், ரெண்டு நிமிஷம்" என்றாள். கை துறுதுறுத்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. என் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னதை, ஒரு இயந்திரத்தைத் தூதுவிட்டா நான் தெரிந்துகொள்வது? அடுத்த வருடச் சேர்க்கைக்கு நானே போய் வரிசையில் நின்றேன். அதே படிப்பு, அதே சாயங்கால வகுப்பு.

"உனக்கு எதுக்கு இந்த வயசுல?" என்றார்.

"உங்க பதினேழு நிமிஷத்துக்கு. வேண்டாம்னா இப்பவே அழிச்சுடுங்க" என்று செல்போனை நீட்டினேன்.

கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "அப்ப எனக்கு ரெண்டு வருஷம் இருக்கு" என்றார்.

முதல் வருடம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தபடியே உலகத்தைச் சுற்றினோம். இரண்டாம் வருடம் துருக்கி வந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு மாதமும் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்பேன். முதலில் பிடிபட்ட சொல் வீடு. பிறகு அம்மா, அப்பா. பிறகு என் மனைவி என்பது பதினோரு தடவை வருகிறது என்று எண்ணினேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கடுத்த மாதம் பாடத்தில் கொர்குயோரும் என்று ஒரு சொல் வந்தது. பயமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சொல்லும் பதிவில் அடிக்கடி வந்ததே என்று வீட்டுக்கு ஓடிவந்து எண்ணினேன். ஒன்பது தடவை.

இதுவரை எதற்கும் பயம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை. அகராதியும் நோட்டுமாக உட்கார்ந்தேன். நல்லவேளையாக அவர் பேசியது மாணவன் பேசும் துருக்கி, குட்டிக் குட்டி வாக்கியம். மூன்று வாரத்தில் முழுதும் விளங்கியது.

அவருடைய அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில் பதினோரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. என்ன சண்டை என்று அவருக்குத் தெரியாது. ஏழு வயதிலிருந்து இவர்தான் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்திருக்கிறார். சாப்பிட்டாச்சா என்று அம்மா கேட்கச் சொன்னார். சாவி எங்கே என்று அப்பா கேட்கச் சொன்னார். நாள் முழுக்கக் கேள்வி கேட்டுப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். உனக்கு என்ன வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கடைசியில் இப்படி வந்தது: என் மனைவி நிறையப் பேசுவாள். எங்கள் வீட்டில் சத்தம் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

நோட்டை மூடிவைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அவர் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கம்போல "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

"பதினேழு நிமிஷமும் புரிஞ்சிடுச்சு" என்றேன்.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஏங்க, நீங்க பேசினா நான் நிறுத்திடுவேனா? என்னை உங்களுக்குத் தெரியாது? ஊசி போடறப்பகூட நிறுத்தாதவ. நீங்க சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க."

நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். "எனக்கு அப்ப ஏழு வயசு இருக்கும். அம்மா இருந்த ரூமுக்குப் பச்சைக் கதவு..."

"பச்சையா? எங்க வீட்டுலயும் ஒரு பச்சைக் கதவு உண்டு, அதுல ஒரு தடவை நான்..." என்று நான் ஆரம்பித்துவிட்டேன். புத்தி எங்கே போகும்?

அவர் கையை உயர்த்தினார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

"இரு" என்றார். "நான் இன்னும் முடிக்கல."