உதாரணம் கேட்கக் கூடாது

கைக்குட்டையை நான்காக மடித்து, சாக்பீஸின் பின்பாதியில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் பேராசிரியர் தணிகாசலம் கரும்பலகையில் எழுதுவார். விரலில் தூள் ஒட்டிவிடக் கூடாது. கல்லூரி தரும் சாக்பீஸ் கீச்சிடுகிறதாம், அதனால் வீட்டிலிருந்து தனி டப்பா வரும். அதிலிருந்து ஒரு துண்டை வேறு யாராவது எடுத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். படிப்பாளி என்றால் இப்படியெல்லாம் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஏழு வரி. கீழே 'அழிக்காதீர்கள்'. அறையைப் பெருக்க வரும் கமலவேணி பலகை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெட்டிக்கு அருகில் வந்ததும் கையை இழுத்துக்கொள்வாள். "அத்தத் தொட்டாக்கா சார் சாமியாடிடுவாரும்மா" என்று சிவசங்கரியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த அன்று சிவசங்கரி அந்தப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். இப்போது அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டிக்குள் இருந்தவைதான் 'தணிகாசலம் இயந்திரங்களின்' விதிகள். ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடும்போது, முதலில் நீ விடு, நீ விடு என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவது கணிப்பொறிகளின் பழைய நோய். தன்னுடைய ஏழு விதிகளுக்குக் கட்டுப்பட்ட இயந்திரத்துக்கு அந்த நோய் வரவே வராது என்று நிரூபித்தவர் நம்மவர். அதோடு விட்டாரா? அந்த இயந்திரங்கள் செய்யும் காரியங்களை எழுத்தெழுத்தாகக் கோத்து, அதை ஒரு மொழியாக்கி, அந்த மொழியின் குணங்களைப் பற்றித் தேற்றத்துக்கு மேல் தேற்றமாக எழுதித் தள்ளினார். பாரீசில் மச்சான் வீட்டில் தங்கி, ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்துவிட்டும் வந்தார். அடேயப்பா, அந்தப் பாரீஸ் கதையைக் கேட்டுக் கேட்டுக் கல்லூரி கேண்டீன் சுவருக்கே காது வலித்திருக்கும்.

அந்த மாநாட்டில் யாரோ எழுந்து, "இப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றை உதாரணமாகக் காட்ட முடியுமா?" என்று கேட்டாராம். தணிகாசலம் நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். இதை வெட்கமில்லாமல் வெற்றியாகவே சொல்லுவார். "உதாரணம்லாம் பி.டெக். பசங்களுக்குதாம்மா. நம்ம லெவலுக்கு டெஃபனிஷன் போதும்." வகுப்பிலும் அதே கதைதான். எவனாவது உதாரணம் கேட்டால், அவன் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று விசாரிப்பார்.

ஸ்கூட்டர் ஓட்டுவதிலும் அவருக்குக் கொள்கை உண்டு. நெல்லித்தோப்பு முனையில் சிக்னல் வேலை செய்யவில்லை என்றால் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் கைகாட்டி வழிவிடுவார். விட்டுக்கொண்டே இருப்பார். பின்னால் நிற்பவன், "யோவ் பெருசு, போயேன்யா!" என்று ஹாரனை அழுத்திக்கொண்டு கத்துவான். "மொதல்ல யாரு போவணும்னு ஒரு ரூல் வேணாமா?" என்று இவர் திரும்பிப் பாடம் நடத்துவார். அறிவு வழிகிறது, வண்டி நகரவில்லை.

சிவசங்கரியின் ஆய்வேடு முழுக்க அந்தப் பெட்டியின் மேல்தான் நின்றது. பாகூர் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் தற்காலிக விரிவுரையாளர். இந்த ஆண்டு பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டுத் தொலைத்தால் என்ன செய்வது என்று பயந்துதான் அவள் ஓர் உதாரணம் கட்டப் பார்த்தாள். சின்னதாக, இரண்டே புரோகிராம் உள்ள இயந்திரம். வரவில்லை. மூன்று வைத்துப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தோண்டியபோது கோளாறு அந்த ஏழு விதிகளிலேயே இருந்தது.

மறுநாள் பிற்பகல் அவர் அறைக்குப் போய், கரும்பலகையின் காலி இடத்தில் எழுதிக் காட்டினாள்.

"நாலாவது விதி சார். மத்த எல்லாரும் சம்மதிச்சாதான் ஒரு புரோகிராம் அடி எடுத்து வெக்கலாம். ஆறாவது விதி, ஏற்கெனவே அடி எடுத்து வெச்சவங்கதான் சம்மதம் குடுக்கலாம். அப்ப மொத அடிய யாரு சார் வெக்கறது?"

"அதுக்குதான் ஏழாவது இருக்குதே. யாரும் நின்னுடக் கூடாது."

"நிக்கவும் கூடாது, நவுரவும் முடியாது. அப்படி ஒரு மிஷினே இருக்க முடியாது சார். ஒண்ணுகூட."

தணிகாசலம் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். அவர் காது மடல் சிவந்தது. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத்த வேற யாருகிட்டயாச்சும் காட்டினியா?"

"இல்ல சார்."

அந்த ஒரு வார்த்தையில் மனிதருக்கு உயிர் திரும்பிவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீ எழுதுனது கரெக்டுதாம்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் தேற்றம் எதுவும் பொய்யாயிடலியே?"

"ஆவல சார். நம்ம ஊரு உப்பளத்துல இருக்கற எரிமல எல்லாம் நீல நிறம்னு சொன்னாக்கூடத்தான் பொய்யாவாது. ஒண்ணு இருந்தாதான சார் பொய்யாவும்?"

"நக்கலா? தேர்வுக்கு வர்றவரு நமக்கு வேண்டப்பட்டவரு. உதாரணம் கேக்க மாட்டாரு. பேசாம இப்படியே குடு, நான் கையெழுத்து போடறேன். வேல பெர்மனன்ட் ஆவணுமா, வேணாமா?"

ஆக வேண்டும். அது அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று இந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். சிவசங்கரிக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது.

"நாளைக்கி என் கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து உதாரணம் கேட்டா, நான் இன்னா சார் சொல்லட்டும்? உங்க அப்பா இன்னா தொழில் பண்றாருன்னா?"

அவர் சாக்பீஸ் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இப்படி ஒண்ணு இல்லன்றதத்தான் எழுதப் போறேன் சார். உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேற கைடு பாத்துக்கறேன். வேல போனா போவுது."

சொல்லிவிட்டு அவள் டஸ்டரை எடுத்தாள். கமலவேணி இத்தனை காலம் தொடாத அந்த மூலையில் இரண்டு இழுப்பு. விதிகளும் போயின, கோடுகளும் போயின. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவளுக்கு, டஸ்டர் இன்னும் கையிலேயே இருப்பது வராந்தாவில்தான் தெரிந்தது. திருப்பி வைக்க வந்து வாசலில் நின்றாள்.

தணிகாசலம் அவளைப் பார்க்கவில்லை. டப்பாவிலிருந்து புதுச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, கைக்குட்டையை நான்காக மடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அதே மூலையில் ஸ்கேலை வைத்து நான்கு கோடு போட்டார். கோணல் இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, உள்ளே ஒரு எழுத்துகூட எழுதாமல், பெட்டிக்குக் கீழே 'அழிக்காதீர்கள்' என்று எழுதினார்.