கேம் கம்பெனியிடம் கரி கேட்ட நாள்

எனக்கு வாய் அதிகம் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வாயால் ஒரு கம்பெனித் தலைவரையே கையிலிருந்த தாளைக் கீழே வைக்க வைத்திருக்கிறேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். நகரியத்தில் கையில் நாலு காசு சேர்ந்தால் வைப்பு நிதி, நகைச் சீட்டு, மிஞ்சினால் பண்ருட்டிப் பக்கம் ஒரு மனை. அதைத் தாண்டி யாருக்கும் யோசனை போகாது. எனக்குப் போனது. பஸ்ஸிலும் கேன்டீனிலும் பெரியவர்கள்கூட செல்போனில் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, வைப்பு நிதியிலேயே போடு என்ற கணவரையும் மீறி, சென்னையில் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். சும்மா இருக்காமல் அவளையும் வாங்க வைத்தேன். சமையலறை கட்ட வைத்திருந்த பணத்தை என் பேச்சை நம்பி அவள் போட்டாள்.

பெரிய கேம் ஒன்று வருகிறது, வருகிறது என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. கேம் வரவில்லை, நஷ்டம்தான் வந்தது. பங்கு விலை சரிந்தது. வேறு ஊர்க்காரர்கள் அப்போதே விற்றுவிட்டு ஓடியிருப்பார்கள். எங்களை எங்கள் சுரங்கப் புத்தி கவிழ்த்தது. எங்கள் ஊரில் கரி கண்ணில் படுவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் மேல்மண்ணை எடுக்க வேண்டும். அடியில் ஊறும் தண்ணீரை விடாமல் இறைக்க வேண்டும். அதுவரைக்கும் செலவுதான். அதையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு நஷ்டம் என்ற சொல் சீக்கிரம் உறைப்பதில்லை.

"இப்ப மேல்மண் எடுக்கறாங்கம்மா. கரி தெரியற வரைக்கும் பொறுத்துக்க," என்றேன் அவளிடம். தலையாட்டினாள். விலை பாதியானபோதும் அதையே சொன்னேன். அந்தப் பாதியும் பாதியானபோது அவள் என்னோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள், அதுதான் வலித்தது. பணம் போனால் போகட்டும். இனி என் பேச்சை அவள் நம்புவாளா என்பதுதான் என்னை அரித்தது.

பங்கு வாங்கியவர்கள் இணையத்தில் கம்பெனியை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே திட்டினால் யார் காதில் விழும்? அந்தச் சமயத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று மெயில் வந்தது. செல்போனிலேயே கலந்துகொள்ளலாம், முன்கூட்டிப் பதிவு செய்தவர்கள் பேசலாம் என்று போட்டிருந்தது. பதிவு செய்துவிட்டு நேரே அவள் மேசைக்குப் போனேன்.

"கூட்டத்தன்னைக்கு லீவு போட்டுட்டு எங்க குவார்ட்டர்ஸுக்கு வா. உன் எதிர்லயே கேக்கறேன்."

"நீங்க கேட்டா மட்டும் வெல ஏறிடுமாக்கா?" என்றாள். ஆனாலும் வந்தாள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் தலைவரை வாழ்த்தினார்கள். ஒருவர் தனக்குப் பேரன் பிறந்திருப்பதைச் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நான் அறிந்த கூட்டமெல்லாம் கேட் மீட்டிங்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் சுரங்க வாசலில் சங்கத்துக்காரர்கள் மைக் பிடித்துப் பேசுவார்கள். பெண்கள் நாங்கள் சைக்கிள் ஸ்டாண்ட் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவோம், பேசியதில்லை. இத்தனை வருஷம் கேட்ட குரல்களெல்லாம் என் தொண்டைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

"நெய்வேலியிலேர்ந்து பேசறேங்க," என்று, என் முறை வந்ததும் எழுந்து நின்று ஆரம்பித்தேன். "எங்க ஊர்ல மேல்மண்ண எடுக்கறதுக்கு முன்னாடியே துளை போட்டுப் பாத்துடுவாங்க, கீழ கரி இருக்கா, எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு. நீங்க வருஷக்கணக்கா மண்ண அள்ளிகிட்டே இருக்கீங்க. துளை போட்டுப் பாத்தீங்களா? கரி இருக்கா, இல்லையா?"

கூட்டத்தை நடத்திய பெண் குறுக்கிட்டாள். "மேடம், எல்லாக் கேள்விக்கும் சார் கடைசியில பதில் சொல்லுவார்."

"கடைசியில மொத்தமா சொன்னா என் கேள்வி அதுல கரைஞ்சு போயிடும்மா. ஒரு வார்த்தைதான் கேக்கறேன். காத்திருக்கேன்."

என் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். தலைவர் கையைக் காட்டி அந்தப் பெண்ணை நிறுத்தினார். அதுவரை பார்த்துப் படித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"அந்த கேம் எப்ப முடியும்னு எனக்குத் தெரியலம்மா. முடியும்னே உறுதியா சொல்ல முடியல," என்றார்.

நன்றி சொல்லி உட்கார்ந்தேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அத்தனை பேர் இணையத்தில் கத்தியும் வராத பதிலை என் ஒரு கேள்வி வெளியே கொண்டுவந்துவிட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் செல்போனை வாங்கி அணைத்தாள். "வித்துடலாங்க்கா," என்றாள். "இருக்குதா இல்லியான்னே தெரியாம யோசிச்சிக்கினு கெடந்தேன். வூட்ல கேட்டா என்னா சொல்றதுன்னே தெரியல. இனிமே உள்ளத சொல்லிடுவேன்."

இருவரும் விற்றோம். வந்த பணத்தில் அவள் வீட்டுச் சமையலறைக்குத் தகரக் கூரைதான் போட முடிந்தது. கூட்டம் நடந்த அன்று, உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் எங்கள் இருவருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். வைப்பு நிதி என்ற சொல் அன்றைக்கு அவர் வாயில் வரவே இல்லை.

அடுத்த கேட் மீட்டிங் பெண்களுக்கான ஓய்வறையைப் பற்றி. வழக்கம்போல சைக்கிள் ஸ்டாண்ட் ஓரமாக நின்றோம். ஆண்களே பேசி முடித்துவிட்டு, வேறு யாராவது பேசுகிறீர்களா என்று பேச்சுக்குக் கேட்டார்கள். என் பக்கத்தில் நின்றிருந்த குறிஞ்சிப்பாடிக்காரி என் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் வெச்சிக்கினு இருக்கேன். நீங்க போய் மைக்க வாங்குங்கக்கா."

வாங்கினேன்.